மோட்டார் எடுக்காத பெரிய வெள்ளி

மடியிலிருந்த கைப்பை அதிர்ந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி வழிபாடு. ராயப்பன்பட்டிக் கோயிலுக்குள் ஊரே உட்கார்ந்திருந்தது. பீடத்தில் துணிகூடக் கிடையாது. அன்றைக்குப் பெண்கள் யாரும் பூ வைப்பதில்லை என்பதால், கஞ்சி போட்ட பருத்திப் புடவை வாசமும் வியர்வை வாசமும்தான். இயேசுவின் பாடுகளின் வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த அமைதியில் என் கைப்பை மட்டும் உறுமியது.

அம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதில், சென்னைக் கம்பெனி ஒன்றில் பத்துப் பேருக்கு மேலாளராக இருப்பவள் நான். அந்தப் பார்வைக்கு இன்றும் முதுகு நிமிர்ந்துவிடும்.

உள்ளங்கையால் பையை அமுக்கிப் பிடித்தேன். 'சாமி செத்த அன்னைக்குமா இந்த ஆபீஸ்காரனுகளுக்கு அவசரம்' என்று மனசுக்குள் திட்டினேன். சற்று நேரம் கழித்து இன்னொரு முறை அதிர்ந்தது. அதன்பிறகு அதிரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

அது ஆபீஸ் இல்லை. யார் என்று திங்கட்கிழமைதான் தெரிந்தது.

கிணற்றுக்கும் ஒரு நம்பர்

ஊரில் இருந்துகொண்டே சென்னை வேலையைப் பார்ப்பதைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், "கம்ப்யூட்டர் தெரிந்த உங்களால் சொந்த ஊருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டிருந்தார். கேட்டாரே ஒரு கேள்வி. பிரயோஜனம் செய்யப் போய்த்தான் இந்தக் கதையே.

எங்கள் தோட்டத்துக் கிணறு கூட்டுக் கிணறு. பாதி எங்களுக்கு, பாதி பக்கத்துக் கிராமத்துப் பால்ச்சாமி மாமாவுக்கு. அவர்கள் வேறு சாமி, வேறு சாதி. ஆனாலும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் மாமாதான். அவர் என் அப்பாவை "வாத்தியாரே" என்பார். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் முறை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தால் முறை மாறும். மணியடிக்கும் சவரிமுத்து அண்ணன் சில நாள் டீக்கடையில் பேச்சு சுவாரசியத்தில் ஆறு பத்துக்கு அடிப்பார். முறையும் அன்றைக்கு ஆறு பத்துக்கு மாறும். யாரும் கடிகாரம் பார்த்ததில்லை.

மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் வந்த பிறகு எல்லாம் சுலபமானது. மோட்டார் ரூமில் சிம் போட்ட ஒரு பெட்டி. அதன் நம்பருக்குப் போன் போட்டால் மோட்டார் ஓடும். 'மோட்டார் இயங்குகிறது' என்று ஒரு பெண் குரல் சொல்லும். பால்ச்சாமி மாமா அந்த நம்பருக்கு 'கெணறு' என்று பெயர் போட்டு வைத்திருக்கிறார். கிணற்றுக்குப் போன் போட்டு, அந்தக் குரலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். பாதியில் வைத்தால் மரியாதை இல்லையாம்.

சிக்கல் அப்பாவிடமிருந்து வந்தது. ஒருநாள் சட்டைப் பையில் போன் அழுந்தி, அப்பாவுக்கே தெரியாமல் கிணற்றுக்கு அழைப்பு போய்விட்டது. வால்வு பால்ச்சாமி மாமா பக்கம் திறந்திருந்தது. அங்கே தக்காளி பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கணுக்கால் சேற்றில் நின்றார்கள். மாமா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

"வாத்தியாரே, கேக்காமலே தண்ணி குடுக்குறீக. தக்காளிக்கு நீச்சல் பழக்கவா?"

அப்பாவும் சிரித்தார். காப்பி வந்தது, குடித்தார்கள், முடிந்தது. முடிந்த இடத்தில் சும்மா இருந்திருக்க வேண்டியவள் நான்.

யாரும் கேட்காத வேலை

தவறுதலாகப் போகும் அழைப்பைத் தடுக்க வேண்டும். அவ்வளவுதான் பிரச்சினை. அதற்கு நான் கண்ட தீர்வு: யாருடைய முறையோ அவருடைய அழைப்பை மட்டும் மோட்டார் எடுக்கும், மற்றவருடையதைத் துண்டித்துவிடும்.

உள்ளங்கை அகலச் சர்க்யூட் போர்டு ஒன்றை வாங்கி அந்தப் பெட்டிக்குள் பொருத்தினேன். நிரலை எழுத, இப்போது எல்லோரும் துணைக்கு வைத்திருக்கும் ஏஐயைக் கேட்டேன். நான் டீ ஆற்றி முடிப்பதற்குள் எழுதிக் கொடுத்தது. ஆறு மணி, பூஜ்யம் நிமிடம், பூஜ்யம் நொடிக்கு முறை மாறும். சவரிமுத்து அண்ணன் அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன.

அதற்கு முன்னால் முறைப்படி விசாரணையும் நடத்தினேன். எங்கள் தொழிலில் இது முக்கியம். பயன்படுத்துகிறவர்களை உட்காரவைத்து, என்ன வேண்டும், என்ன விதி என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நோட்டும் பேனாவுமாக அப்பாவிடம் போனேன்.

"ஒருநாள் விட்டு ஒருநாள். அவ்வளவுதான்," என்றார்.

பால்ச்சாமி மாமாவிடம் போனேன்.

"வாத்தியாரு என்ன சொன்னாக?"

"ஒருநாள் விட்டு ஒருநாள்னு."

"அவுக சொன்னாச் சரிதான்."

பதினெட்டு வருட அனுபவத்தில் இவ்வளவு தெளிவான வாடிக்கையாளர்களை நான் பார்த்ததில்லை. நோட்டில் ஒரே வரி. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

யாராவது முறையில்லாமல் அழைத்தால் என் போனுக்குத் தகவல் வரும்படியும் செய்தேன். 'முறையில்லா அழைப்பு' என்று நல்ல தமிழில் வாசகம் வைத்தேன். அதில் எனக்குத் தனிப் பெருமை.

அம்மா மட்டும், "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்று சொல்லிக்கொண்டே முருங்கைக் கீரை உருவினாள். அம்மாவுக்குத் தொழில்நுட்பம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

இடையே கொஞ்சம் கேரளா

இயந்திரம் எவ்வளவு தெரிந்து வைத்திருக்கும் என்பதற்கு இன்னொரு சம்பவம். இதைச் சொல்லாமல் மேலே போனால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஒருமுறை உறவினர் வீட்டு விசேஷத்துக்கு லோயர் கேம்ப் போயிருந்தேன். அவசரமாக ஒரு ஆபீஸ் கூட்டம். கால்வாய் ஓரமாக நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். மலை மேலிருக்கும் கேரளத்து டவரை என் போன் பிடித்துக்கொண்டது. கேரளத்துக்கு வரவேற்று மலையாளத்தில் ஒரு செய்தி வந்தது. ஆபீஸ் பாதுகாப்பு மென்பொருள், 'இவர் அனுமதியில்லாமல் வேறு மாநிலத்தில் இருக்கிறார்' என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டது.

நான் தமிழ்நாட்டு மண்ணில், பெரியாற்றுத் தண்ணீர் வந்து விழும் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அந்தத் தண்ணீரும் கேரளத்திலிருந்துதான் வருகிறது, அதற்கு யாரும் கடிதம் எழுதவில்லை. விளக்கம் கொடுத்துக் கொடுத்து வாய் வலித்தது. 'மிஷினுக்கு டவர்தான் தெரியும், ஊர் தெரியாது' என்று அன்றைக்கு எல்லோரிடமும் சலித்துக்கொண்டேன்.

அப்படிச் சலித்துக்கொண்டவள்தான் கிணற்றுக்குள் கடிகாரத்தைக் கொண்டுபோய் வைத்தேன்.

மணி ஓயும் நாட்கள்

கத்தோலிக்க ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். பெரிய வியாழன் மாலைப் பூசையில், 'உன்னதங்களிலே' என்ற பாட்டைப் பாடும்போது கோயில் மணியை நெடுநேரம் அடிப்பார்கள். அதோடு மணி ஓய்ந்துவிடும். சனிக்கிழமை இரவுப் பூசையில் மறுபடி அதே பாட்டு வரும்வரை மணிச் சத்தமே கிடையாது. வெள்ளிக்கிழமை மரக்கட்டையைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். ஊரே துக்க வீடு. தோட்டத்து வேலை எதுவும் நடக்காது, எங்கள் வீட்டில் யாரும் மோட்டார் போட மாட்டார்கள்.

மணி இல்லையென்றால் முறைக் கணக்கும் கிடையாது. அந்த இரண்டு நாளும் கிணறு பால்ச்சாமி மாமாவுக்குத்தான். அதேபோல அவர்கள் ஊரில் சித்திரைத் திருவிழாவுக்குச் சாமி சாட்டி, காப்புக் கட்டிவிட்டால், அவர்கள் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். அப்போது கிணறு எங்களுக்கு.

இதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை, எழுதி வைக்கவில்லை. நான் நோட்டும் பேனாவுமாகக் கேட்டபோது சொல்லவும் இல்லை. மூச்சு விடுவதை யாராவது விதி என்று சொல்லுவார்களா?

ஏஐயை இதில் குறை சொல்ல முடியாது. அதற்கு ஞானஸ்நானம் ஆகவில்லை. எனக்கு ஆகியிருந்தது. சின்ன வயதில் பெரிய வெள்ளியன்று, பால்ச்சாமி மாமா தோட்டத்தில் தண்ணீர் ஓடுவதைச் சிலுவைப் பாதை முடிந்து வரும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு உபவாசம், தாகம் எடுக்கும், அந்த வாய்க்காலில் வாய் வைத்துக் குடிக்கலாமா என்று ஆசையாக இருக்கும். அதெல்லாம் ஞாபகம் இருந்தது. எழுத உட்கார்ந்தபோது மட்டும் வரவில்லை.

ஒன்பது அழைப்புகள்

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை காலை. வியாழன் முதல் பூசையும் திருநாள் வேலையுமாகப் போனைத் திறந்தே பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு மிச்சத்தோடு இட்லி சாப்பிட்டுவிட்டு, என் மோட்டார் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று சந்தோஷமாகத் திறந்து பார்த்தேன்.

முறையில்லா அழைப்பு. முறையில்லா அழைப்பு. முறையில்லா அழைப்பு.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பது அழைப்பு. எல்லாம் பால்ச்சாமி மாமாவின் நம்பர். கடைசி இரண்டும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல். கோயிலில் என் மடியில் அதிர்ந்தது அந்த இரண்டுதான்.

அதைவிட மோசம் அதற்குப் பிறகு வந்தது. வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து சனி மாலை ஆறு மணிவரை, என் கணக்குப்படியே அவருடைய முறை. அழைத்திருந்தால் மோட்டார் எடுத்திருக்கும். அவர் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. ஞாயிறு மாலையிலிருந்து மறுபடி அவர் முறை. அப்போதும் ஒன்றுமில்லை.

போனை அப்பாவிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். அவர் முகம் மாறியது.

"புதன்கெழமதான வாழ நட்டாக," என்றார். "மூணாம் நாளு உயிர்த்தண்ணி விடணுமே."

நட்ட கன்றுக்கு மூன்றாம் நாள் விடும் தண்ணீருக்கு உயிர்த்தண்ணி என்று பெயர். அது கிடைத்தால்தான் வேர் பிடிக்கும். மாமா நட்டிருந்தது ஆய்வகத்தில் வளர்த்த திசு வாழை, பச்சைப் பிள்ளை மாதிரி. பெரிய வெள்ளித் தண்ணீரை நம்பித்தான் புதன்கிழமை நட்டிருக்கிறார்.

"நீங்க ஏம்ப்பா இத என்கிட்டச் சொல்லல?"

"இதயெல்லாம் சொல்லுவாகளாக்கும்? நீ இந்த ஊர்லதான பொறந்த?"

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்ம அங்கன முட்டி போட்டுட்டு இருந்தப்ப, அந்த மனுசன் இங்கன மோட்டார்ட்டக் கெஞ்சிட்டு இருந்துருக்காக," என்றார். "மோட்டார் ரூம் சாவிகூட நம்ம வீட்டு ஆணியில. கட்டுனவளே போயி அவுத்துட்டு வா."

வாழைத் தோட்டத்தில்

ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மாமாவும் அவர் மனைவி பேச்சியம்மா அத்தையும் தோட்டத்தில்தான் இருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்துத் தொட்டியிலிருந்து குடத்தில் தூக்கிவந்து, கன்றுகளுக்குச் செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஓரத்து வரிசைகள் சுருண்டு, பழுப்பாகப் படுத்துவிட்டன. நடு வரிசைகளில் மட்டும் குருத்தில் கொஞ்சம் பச்சை இருந்தது.

"வாத்தா," என்றார் மாமா. "ஆபீசு இல்லையா இன்னைக்கு?"

எப்போதும்போலத்தான் கேட்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மோட்டாரு எடுக்கலன்னதும் எங்களுக்கு ஒரு போன் போட்டுருக்கலாமே மாமா."

அவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"பெரிய வெள்ளிக்கெழம ஒங்க ஊரே துக்கத்துல கெடக்கு. எழவு வீட்டுக்குப் போன் போட்டு, எங்க வாழைக்குத் தண்ணி விடுங்கன்னு கேக்கச் சொல்றியா?"

நான் விடாமல் கேட்டேன்.

"சனிக்கெழம ஒங்க மொறதான. அன்னைக்கு எடுத்துருக்குமே."

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? எடுக்காத வீட்டுக்கு எத்தன தடவத்தான் போன் போடுறது?"

பேச்சியம்மா அத்தைதான் மிச்சத்தைச் சொன்னார். "வாத்தியாரு மனசுல என்னமோ இருக்கு, அதான் மகள விட்டுப் பூட்டிட்டாகன்னு நெனச்சுட்டாரு. மூணு நாளாச் சரியாச் சோறு எறங்கல. வாழ போனா வேற கண்ணு வாங்கலாம். வாத்தியாரு அப்பிடிச் செஞ்சுட்டாகளேன்னுதான் புலம்புனாரு."

நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, அழுதேன். மேலாளராவது, மண்ணாங்கட்டியாவது.

"அப்பாவுக்கு ஒண்ணுமே தெரியாது மாமா. அவுக வழக்கம்போல கெணறு ஒங்களுக்குத்தான்னு நெனச்சுட்டுக் கோயில்ல இருந்தாக. நாந்தான் மறந்துட்டேன்."

"சரி விடுத்தா. மிஷினு செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"மிஷினு செய்யல மாமா. நான் சொன்னதத்தான் அது செஞ்சுச்சு."

அவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். வரப்பில் உட்கார்ந்தபடியே போனில் அந்தத் தடையை நீக்கினேன். மூன்று வாரம் பெருமையோடு வைத்திருந்த வேலை அழிய மூன்று நிமிடம் ஆகவில்லை.

"இப்பப் போடுங்க மாமா."

'கெணறு' என்றிருந்த பெயரைத் தேடி அழுத்திவிட்டுக் காதில் வைத்தார். நானும் அத்தையும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். தூரத்தில் மோட்டார் உறுமியது. அவர் வழக்கம்போலக் குரலை முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தார். வாய்க்காலில் முதலில் சருகு மிதந்து வந்தது, அதன் பின்னால் தண்ணீர். அத்தை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அன்று மாலை அப்பா அங்கே போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பிவரும்போது அப்பாவின் கையில் ஒரு பை நிறையத் தக்காளி இருந்தது. ஓரத்து வரிசைகள் பிழைக்கவில்லை. அந்த இடங்களில் மாமா புதுக் கன்று வைத்தார். கன்றுகளை நான்தான் நர்சரியில் வாங்கிவந்து இறக்கினேன். அதற்கு அவர் மறுப்புச் சொல்லாமல் விட்டதே எனக்கு ஆறுதல்.

சாவி

ஈஸ்டர் தேதி வருடத்துக்கு வருடம் மாறும். ஆனால் நிலாக் கணக்கு வைத்து எத்தனை வருடத்துக்கு வேண்டுமானாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். கை ஊறியது. இதையும் நிரலில் சேர்த்தால் என்ன? ஏஐயைக் கேட்டேன். நூறு வருடத்து அட்டவணையை நீட்டியது.

சேர்க்கவில்லை. சித்திரையில் மாமா ஊர்க்காரர்கள் என்றைக்குச் சாமி சாட்டுவார்கள் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. ஒரு சாவு விழுந்தால் அதுவும் தள்ளிப்போகும். சவரிமுத்து அண்ணன் டீக்கடையில் யாரோடு பேசுவார் என்பதும் தெரியாது.

இப்போது மோட்டார் இருவர் போனையும் எடுக்கிறது. யார் போட்டாலும் என் போனுக்கு ஒரு தகவல் வரும், அவ்வளவுதான். அப்பாவின் போனுக்கு மூடி போட்ட உறை வாங்கிக் கொடுத்தேன். அதற்கப்புறம் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு அழைப்பும் போகவில்லை. முதலிலேயே இதைச் செய்திருக்கலாம் என்று அம்மா சொன்னாள். இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வருடம் பெரிய வியாழன் மதியம், யாரும் சொல்லாமலே அப்பா ஆணியிலிருந்த மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தார்.

"மோட்டாரு போன எடுக்காட்டி, ரூமத் தொறந்து போட்டுக்கங்க," என்று கொடுத்துவிட்டு வந்தாராம்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி. அதே கோயில், அதே கஞ்சி வாசம். பாடுகளின் வாசிப்பு பாதியில் இருந்தபோது மடியிலிருந்த கைப்பை அதிர்ந்தது.

அம்மா திரும்பினாள். "யாருடி?" என்றாள் உதடு அசையாமல்.

"பால்ச்சாமி மாமா. மோட்டார் போட்டுட்டாக."

அம்மா சிலுவையைப் பார்த்தாள்.

"வாழத்தார் பெருக்குற நேரம். நல்லாக் குடிக்கட்டும்," என்றாள். பிறகு என் கைப்பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.